ஆர்டீமியா பொரிப்பது எப்படி? மீன் குட்டிகளுக்கு வீட்டிலேயே உயிர் உணவு

மீன் குட்டி போட்டுவிட்டது, முட்டை பொரிந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம். அடுத்த வாரம் தொட்டியில் பாதிகூட மிஞ்சுவதில்லை. நிறைய பேர் மருந்து தேடி ஓடுவார்கள். பெரும்பாலும் அங்கே நோய் எதுவும் இருக்காது, பசிதான் காரணம். பிறந்து சில நாளே ஆன குட்டியின் வாய் மிகச் சிறியது. அதோடு, பல வகை மீன்களின் குட்டிகளுக்கு அசையாத தூள் உணவு இரையாகவே தெரிவதில்லை. தூள் அடியில் படிந்து அழுகி, தண்ணீரைக் கெடுத்து, மிச்சமிருக்கும் குட்டிகளையும் கொன்றுவிடும்.

கப்பி, மோலி, பிளாட்டி குட்டிகள் தூளையும் தின்று பிழைத்துக்கொள்ளும். அவற்றுக்கு ஆர்டீமியா கட்டாயமில்லை, ஆனால் கொடுத்தால் வளரும் வேகமே வேறு. ஃபைட்டர், ஏஞ்சல் வளர்ப்பவர்களுக்கு இது இல்லாமல் சரிப்படாது என்பது என் கருத்து.

ஆர்டீமியா என்பது கடலைவிட உப்பு கூடிய ஏரிகளிலும் உப்பளங்களிலும் வாழும் சின்ன உயிரினம். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இருக்கிறது. தண்ணீர் வற்றும்போதோ குளிர்காலம் வரும்போதோ அது தடித்த ஓடு போட்ட முட்டைகளை விடும். உள்ளே கரு பாதி வளர்ச்சியில் அப்படியே நின்றுவிடும். ஈரம் படாமல் வைத்திருந்தால் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி உப்புத் தண்ணீரில் போட்டால் ஒரே நாளில் குஞ்சு வெளியே வரும். 1930களிலேயே அமெரிக்காவிலும் நார்வேயிலும் இதை மீன் குஞ்சுகளுக்கு உணவாகக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். இன்று உலகச் சந்தைக்கு வரும் முட்டையில் கணிசமான பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கிரேட் சால்ட் லேக் ஏரியில் அள்ளப்படுவது. மரக்காணம் பக்கம் இருக்கும் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களும் இந்த முட்டையை நம்பித்தான் ஓடுகின்றன. அவர்கள் டேங்க் கணக்கில் செய்வதை நாம் ஒரு பாட்டிலில் செய்யப் போகிறோம்.

முட்டை வாங்கும்போது

செலவு முழுக்க இங்கேதான், ஏமாறுவதும் இங்கேதான். டின்னில் அடைத்து வருவதை உடைத்து, சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டில் போட்டுக் கடைகளில் விற்பார்கள். அந்த டின் எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியாது. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று பட்டால் பொரியும் திறன் மடமடவென்று குறையும். முடிந்தால் காலாவதித் தேதியும் பொரிப்பு விகிதமும் அச்சிட்ட, சீல் பிரிக்காத சின்ன டின்னாக வாங்குங்கள். 80 சதவீதத்துக்கு மேல் போட்டிருந்தால் நல்லது. விலை கூடத்தான். ஆனால் மலிவான முட்டையில் பாதி பொரியாமல் நின்றால், பணம் போவதோடு அந்தப் பொரியாத முட்டைகளை எல்லாம் பிரித்தெடுக்கும் வேலையும் நம் தலையில் விழும்.

ஓடு நீக்கியது என்று எழுதி ஒரு வகை விற்பார்கள். உலர்த்தி விற்கும் அந்த வகை பொரியாது, அப்படியே உணவாகப் போடுவதற்கானது. அவசரத்தில் அதை வாங்கி வந்துவிடாதீர்கள்.

வாங்கியதும் இரண்டு மூன்று சின்ன பாட்டில்களில் பிரித்து, இறுக மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுக்கும்போது உடனே திறக்கக் கூடாது. வெளியே வைத்து, குளிர் விட்டபிறகு திறக்க வேண்டும். இல்லையென்றால் காற்றில் உள்ள ஈரம் உள்ளே முட்டைமேல் படியும்.

மற்ற பொருட்கள்

1 லிட்டர் தண்ணீர் பாட்டில், மீன் தொட்டிக்கான சின்ன ஏர் பம்ப், ஏர் டியூப், காற்றின் அளவைக் குறைக்க ஒரு வால்வு, கல் உப்பு, கொஞ்சம் ஆப்ப சோடா, டார்ச் லைட், வெள்ளைக் கைக்குட்டை ஒன்று, இங்க் ஃபில்லர். ஏர் ஸ்டோன் வேண்டாம். அதிலிருந்து வரும் பொடிக் குமிழ்கள் நுரை கட்டி, முட்டைகளைப் பாட்டில் சுவரில் கொண்டுபோய் ஒட்டிவிடும்.

படி 1: பாட்டிலைத் தயார் செய்வது

பாட்டிலின் அடிப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுத் தலைகீழாக நிறுத்துங்கள். மூடியில் ஓட்டை போட்டு ஏர் டியூபை நுழைத்து, சுற்றிலும் பசை வைத்து அடைத்தால் காற்று புனலின் நுனியிலிருந்தே கிளம்பும். முட்டை எங்கேயும் தங்காது. ஒட்டுவது கசிகிறதா என்று வெறும் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். இது தொல்லை என்று நினைப்பவர்கள் தலைகீழ் பாட்டிலின் மூடியை இறுக்கிவிட்டு, மேலேயிருந்து டியூபை அடிவரைக்கும் விட்டாலும் போதும். டியூப் மிதந்து மேலே வராமல் இருக்க, நுனிப்பகுதியில் பழைய பேனாவின் வெற்றுக் குழாயைச் செருகி நேராக்கலாம்.

பாட்டிலை நிறுத்தக் கொஞ்சம் அகலமான டப்பாவோ, வெட்டிய இன்னொரு பாட்டிலோ போதும். ஏர் பம்பை மட்டும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போகும்போது உப்புத் தண்ணீர் டியூப் வழியாகப் பம்புக்குள் இறங்கிவிடும்.

படி 2: உப்புத் தண்ணீர்

1 லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு. தராசு இல்லையென்றால் கல் உப்பு தலை தட்டி இரண்டு டேபிள்ஸ்பூன். கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை. அயோடின் சேர்த்த உப்பால் கெடுதல் இல்லை, கல் உப்பே போதும் என்பதால்தான் அதைச் சொல்கிறேன்.

உப்பைவிடத் தண்ணீர்தான் பலருக்குக் காலை வாருகிறது. கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் சுத்தமாயிற்றே என்று அதில் போடுவார்கள், பொரிப்பு மோசமாக இருக்கும். ஆர்டீமியாவுக்குக் காரத்தன்மை வேண்டும், பிஎச் 8க்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஆர்ஓவில் அதைத் தாங்கிப் பிடிக்கும் தாதுக்களே இருக்காது. குழாய்த் தண்ணீரும், குடிக்கவே லாயக்கில்லை என்று நாம் திட்டுகிற போர் தண்ணீரும் இதற்கு அருமை. எதுவாக இருந்தாலும் லிட்டருக்குக் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்துவிடுங்கள்.

படி 3: முட்டை போடுவது

முதல் தடவைக்குக் கால் டீஸ்பூன் போதும், ஏராளம். 1 கிராமில் 2 லட்சத்துக்கும் மேல் முட்டை இருக்கும். நிறையப் போட்டால் நிறையக் குஞ்சு என்று நினைக்காதீர்கள், ஆக்சிஜன் போதாமல் பொரிந்ததும் செத்துப்போகும்.

உலர்ந்த முட்டை காற்றுப் போன பந்துபோல ஒரு பக்கம் குழிந்திருக்கும். தண்ணீரில் போட்டு ஓரிரு மணி நேரத்தில் உப்பி உருண்டையாகும். மேலே மிதப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், ஊறியதும் சுழற்சியில் சேர்ந்துவிடும். சுவரில் ஒட்டியவற்றை மட்டும் ஒரு மணி நேரம் கழித்து விரலால் தள்ளிவிடுங்கள்.

எப்போது போடுவது என்பது முக்கியம். வெளியே வந்த குஞ்சுக்கு முதலில் வாய் திறந்திருக்காது. தன் உடம்பிலிருக்கும் மஞ்சள் கருவை வைத்தே உயிர் வாழும். அந்த நேரத்தில்தான் அதில் சத்து அதிகம், நிறமும் நல்ல ஆரஞ்சாக இருக்கும். சுமார் எட்டு மணி நேரத்தில் தோலுரித்து அடுத்த நிலைக்குப் போய்விடும். உடம்பு பெரிதாகும், வேகமாக நீந்தும், சேமிப்புச் சத்து கரைந்துகொண்டே போகும். குட்டி மீனுக்குப் பிடிக்கவும் கஷ்டம், பிடித்தாலும் பலன் குறைவு. அதனால் மீனுக்குக் கொடுக்கப் போகும் நேரத்திலிருந்து 24 மணி நேரம் பின்னோக்கிக் கணக்குப் போட்டு முட்டையைப் போடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவு 8 மணி வசதி: மறுநாள் இரவு 8 மணிக்கு எடுத்துப் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியைக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 4: சூடு, வெளிச்சம், காற்று

தண்ணீர் 26 முதல் 28 டிகிரி இருந்தால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் 36 மணி நேரம்வரை இழுக்கும். மார்கழியில் பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரிய விட்டால் சூடும் வெளிச்சமும் சேர்ந்து கிடைக்கும். சென்னைக்கோ வேலூருக்கோ பிரச்சினை நேர்மாறானது. 33 டிகிரியைத் தாண்டினால் முட்டைக்குள் வளர்ச்சி நின்றுபோகும், நெடுநேரம் அப்படியே இருந்தால் கரு செத்துவிடும். சித்திரை வெயிலில் பாட்டிலை மாடி அறையில் வைக்காதீர்கள். கீழ்த்தளத்தில், தண்ணீர் நிரப்பிய அகலப் பாத்திரத்துக்குள் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி வையுங்கள்.

வெளிச்சம் முதல் சில மணி நேரத்துக்குக் கட்டாயம் வேண்டும். முட்டையை எழுப்பிவிடுவதே அதுதான். டியூப்லைட்டுக்கு அருகில் வைத்தால் போதும், நேரடி வெயில் வேண்டாம். காற்று, முட்டை எதுவும் அடியில் தங்காத அளவுக்கு இருக்க வேண்டும், கொதிக்கிற மாதிரி அல்ல.

பதினாறு, பதினெட்டு மணி நேரத்தில் பழுப்புத் தண்ணீர் ஆரஞ்சுக்கு மாறத் தொடங்கும். ஒரு துளியை லென்ஸ் வைத்துப் பார்த்தால், வெடித்த ஓட்டுக்குக் கீழே குஞ்சு குடைபோலத் தொங்குவது தெரியும். அந்த நிலையில் எடுத்துவிடாதீர்கள், இன்னும் சில மணி நேரம் பொறுக்கலாம்.

படி 5: ஓட்டைப் பிரிப்பது

பொரிக்க வைப்பது யாருக்கும் வந்துவிடும். ஆர்டீமியா கொடுத்தும் குட்டி செத்தது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விட்டது இந்தப் படியில்தான். ஓடும் பொரியாத முட்டையும் செரிக்காது. குட்டியின் குடலை அடைத்துக்கொள்ளும்.

காற்றை நிறுத்துங்கள். பாட்டிலின் மேல்பாதியைக் கறுப்புத் துணியால் மூடி, கீழ்ப்பகுதியில், நுனிக்குக் கொஞ்சம் மேலே டார்ச்சைக் காட்டுங்கள். வெற்று ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டைகள் அடியில் படியும். குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி வரும் குணமுள்ளவை, அதனால் டார்ச் படும் இடத்தில் ஆரஞ்சு மேகமாகத் திரளும். பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் நெரிசலில் மூச்சு முட்டிச் சாகும்.

இப்போது வேறொரு ஏர் டியூபை அந்த மேகத்துக்குள் விட்டு, சைஃபன் போட்டு மெதுவாக ஒரு டம்ளரில் இறக்குங்கள். நுனியில் படிந்த முட்டையையும் மேலே மிதக்கும் ஓட்டையும் தொடாதீர்கள். மூடி வழியாக டியூப் விட்டவர்கள், பம்பிலிருந்து டியூபைக் கழற்றித் தாழ்த்தினாலே போதும். முதலில் வருவது பொரியாத முட்டை, அதைத் தனியே கொட்டிவிட்டு அடுத்து வருவதைப் பிடியுங்கள். ஓடுகள் இறங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள்.

டம்ளரில் இன்னும் பழுப்புத் துகள் தெரிந்தால் பக்கவாட்டில் டார்ச் வைத்து இன்னொரு முறை பிரியுங்கள். சோம்பல்படாமல் இதைச் செய்தால் ஓடு ஏறக்குறைய முழுவதும் போய்விடும். ஓட்டை பிளீச்சில் கரைக்கும் முறையும் ஒன்று உண்டு. முதல் முறை செய்பவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

பிரித்ததைக் கைக்குட்டையில் ஊற்றி வடிகட்டி, அதன்மேல் கொஞ்சம் குளோரின் இல்லாத நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுங்கள். டீ வடிகட்டியில் குஞ்சுகள் தப்பித்துவிடும், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உயிர் அது.

படி 6: மீனுக்குக் கொடுப்பது

கழுவிய குஞ்சுகளைச் சின்ன கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரோடு கலந்து, இங்க் ஃபில்லரால் குட்டிகள் கூடியிருக்கும் இடத்தில் சொட்டு சொட்டாக விடுங்கள். ஐந்து நிமிடத்தில் குட்டிகளின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உப்பித் தெரியும். அதுதான் அளவு. ஒரு குட்டிக்கு மட்டும் வயிறு வெள்ளையாக இருந்தால் அதற்குக் கிடைக்கவில்லை, அல்லது அதன் வாய்க்கு இது பெரிது என்று அர்த்தம். நல்ல தண்ணீரில் ஆர்டீமியா சில மணி நேரம்தான் தாங்கும், மிஞ்சியது செத்து அடியில் அழுகும். ஒரே வேளையில் கொட்டாமல் நாளைக்கு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

குட்டி போடும் மீன்களுக்கும் ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் குட்டிகளுக்கும் நீந்தத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே கொடுக்கலாம். ஃபைட்டரில் பெரிய குட்டிகள் விழுங்கிவிடும், சிறியவை திணறும். முதல் மூன்று நான்கு நாள் இன்ஃபுசோரியாவும் (தண்ணீரில் வளரும், ஆர்டீமியாவைவிடச் சிறிய நுண்ணுயிர்கள்) சேர்த்துக் கொடுப்பது நல்லது. கௌராமிக்கு இன்னும் சின்ன வாய், ஒரு வாரம் கழித்தே ஆர்டீமியா.

மீந்த குஞ்சுகளை அகலமான தட்டையான டப்பாவில் உப்புத் தண்ணீரோடு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். குளிரில் அவற்றின் வளர்ச்சி மந்தமாகிவிடுவதால் சத்தும் அவ்வளவாகக் குறையாது. வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அது ரசமென்று சோற்றில் ஊற்றப்படும் அபாயம் உண்டு.

பம்ப் இல்லாதவர்களுக்கு

பத்து இருபது கப்பி குட்டிகளுக்காகப் பம்ப் வாங்க வேண்டாம் என்றால், அகலமான டிபன் பாக்ஸில் அதே உப்புத் தண்ணீரை 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, ஒரு சிட்டிகை முட்டையைப் பரவலாகத் தூவுங்கள். தண்ணீர் ஆழம் குறைவாக இருப்பதால் காற்று தானாகவே கலக்கும். பொரிப்பு கொஞ்சம் குறையும், நேரம் கொஞ்சம் கூடும். ஒரு பாதியை அட்டையால் மூடினால் குஞ்சுகள் வெளிச்சமுள்ள பக்கத்துக்கு வந்துவிடும், ஃபில்லரால் எடுத்துக்கொள்ளலாம். அடிக்கடி கரண்ட் போகும் ஊர்க்காரர்களுக்கும் இதுவே நம்பகமான வழி.

பொரியவில்லை என்றால்

36 மணி நேரம் ஆகியும் நிறம் மாறவில்லையா? முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள், பிறகு எந்தத் தண்ணீர் என்று யோசியுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் முட்டை பழசு. பொரிந்த குஞ்சுகள் அடியில் செத்துக் கிடந்தால் காற்று நின்றிருக்கும், அல்லது முட்டையை அதிகம் போட்டிருப்பீர்கள். நுரையும் நாற்றமும் வந்தால் போன தடவை பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை. ஒவ்வொரு முறையும் வெந்நீர் விட்டுத் தேய்த்துக் காயவைக்க வேண்டும், சோப்பு கூடாது.

இரண்டு மூன்று வாரம் இப்படிக் கொடுத்தால் குட்டிகள் நன்றாகத் தேறிவிடும். இரண்டாம் வாரத்திலிருந்தே காலை வேளையில் மட்டும் நன்கு பொடித்த தீவனத்தைத் தூவிப் பழக்குங்கள். முதல் சில நாள் சீண்டாது, பசியில் தானாகவே தொடும். அது தூளைத் தின்ன ஆரம்பித்தபிறகு ஆர்டீமியாவை நாளுக்கு ஒரு வேளையாகக் குறைத்து, அப்புறம் நிறுத்திவிடலாம்.