பழைய படகுத்துறையில் ஸ்கூபா: மதுரையிலிருந்து போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மதுரையில் நீச்சல் குளத்தில் ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டரோடு நீருக்கடியில் நீந்துவது) பழகிவிட்டு தூத்துக்குடிக்கோ பாம்பனுக்கோ கிளம்புகிறவர்கள் முதலில் சறுக்குவது, மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயக்கட்டியில்தான். குளத்தில் சரியாக இருந்த எடை கடலில் போதாது. உப்புத்தண்ணீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் இரண்டரைக் கிலோ ஈயம் கூடுதலாக வேண்டும்.

அந்த எடையை நிரம்பிய சிலிண்டரோடு சோதிப்பது அடுத்த தவறு. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். அழுத்தம் காட்டும் மீட்டர் 50 பாருக்கு இறங்கும்போது நீங்கள் 2 கிலோ லேசாகிவிட்டீர்கள். திறந்த கடலில் இது தொந்தரவு. துறைக்கு அடியிலோ தலைக்கு மேலே குறுக்கு உத்தரம், அதில் பிளேடு மாதிரி கொட்டலசு (ஒட்டி வளரும் கூரான ஓட்டுயிர்). 50 பார் மீதியோடு, மிதக்க உதவும் ஜாக்கெட்டில் காற்றில்லாமல், 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து எடையை முடிவு செய்யுங்கள். தூண்களை விட்டு வெளியே வந்தபிறகே மேலே ஏற வேண்டும்.

ஆறேழு மீட்டர்தானே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள். நுரையீரல் கிழிய அந்த ஆழமே தாராளம்.

தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கவே கூடாது. இறகு போல ஆடும் ஹைட்ராய்டு என்ற கடலுயிரைப் பாசி என்று தொட்டால் கை தடித்து அரிக்கும். வெடிப்பில் வாயைத் திறந்து திறந்து மூடும் அஞ்சாலை (பாம்பு போன்ற மீன்) மிரட்டவில்லை, செவுளுக்குத் தண்ணீர் இறைக்கிறது; விரலை நீட்டினால்தான் வம்பு. தரையில் முட்டி போடுவதும் ஆபத்து, பாசி பிடித்த கல்லாகத் தெரிவது விஷமுள் கொண்ட கல்மீனாக இருக்கலாம். அது குத்தினால் பலரும் ஐஸைத் தேடுவார்கள். வேண்டியது வெந்நீர்: 45 டிகிரிக்கு மிகாமல், 30 முதல் 90 நிமிடம் முக்கி வைத்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடல்குதிரையும் கடல் அட்டையும் கேமராவுக்கு மட்டும். எடுத்தால் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம்.

பழைய துறை என்றாலே தூண்டில்காரர்கள் அறுத்துவிட்ட தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) இருக்கும், தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. சிக்கினால் திரும்பாதீர்கள், திரும்பத் திரும்பச் சுற்றும். அப்படியே நில்லுங்கள், கூட வந்தவர் அறுக்கட்டும். கத்தியைக் காலில் கட்டுவதைவிட, எந்தக் கைக்கும் எட்டும்படி நெஞ்சுப் பக்கம் வைப்பது நல்லது.

காலில் மாட்டிய துடுப்பை மேலும் கீழும் அடித்தால் சேறு கிளம்பிப் பத்து நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது. தவளை உதைதான் சரி. கச்சான் (தென்மேற்குக்) காற்று மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் போவதே வீண். கப்பல் வந்துபோகும் துறையில் அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு வனத்துறையைக் கேட்க வேண்டும்.

கரையேறிய பிறகும் ஒரு தவறு பாக்கி இருக்கிறது: வந்த கையோடு கொடைக்கானல். மதுரை தாழ்வான ஊர், வீட்டுக்கு வரலாம். கொடைக்கானலோ 2,100 மீட்டர். அங்குள்ள காற்றழுத்தம் விமானத்துக்குள் இருப்பதற்குக் கிட்டத்தட்ட சமம்; அழுத்தம் குறைந்தால் டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிவிடலாம். ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல என்றால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். ஞாயிறு மதியம் 2 மணிக்கு இரண்டாவது டைவை முடித்தவர், திங்கள் காலை 8 மணிக்கு முன் வத்தலக்குண்டைத் தாண்டி மலையேற வேண்டாம்.