தையல் மெஷின் மாத்துறீங்களா, ஸ்டாண்டை குடுத்துடாதீங்க

பழைய கால்மிதி மெஷின் தேய்ஞ்சு போச்சுன்னா முழு செட்டையும் எக்ஸ்சேஞ்சுல தள்ளிவிடாதீங்க, ஸ்டாண்டையும் பலகையையும் வச்சுக்கிட்டு மேல இருக்குற ஹெட்டை மட்டும் புதுசா வாங்கி மாட்டுங்க, கடையில தனியாவே கிடைக்கும் (அவங்க செட்டாதான் எடுக்கச் சொல்வாங்க, அது வேற விஷயம்).

தேயுறது எல்லாம் ஹெட்டுலதான், ஷட்டில், ஊசி கம்பி, துணியை நகத்துற பல்லு இதெல்லாம். கீழ இருக்குற வார்ப்பிரும்பு ஸ்டாண்டுக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம வீடுகள்ல இருக்குற கருப்பு நேர்தையல் மெஷின் பெரும்பாலும் பழைய சிங்கர் 15 மாடலை ஒட்டி செஞ்சதுதான், அடித்தட்டு சுமார் 14½ இன்ச் நீளம் 7 இன்ச் அகலம், அதனால வேற கம்பெனி ஹெட்டா இருந்தாலும் பலகைல இருக்குற அதே ஓட்டைல உக்காந்துடும். பின்பக்கம் கீலு ரெண்டுலயும் இருக்குற ஸ்க்ரூவை லூஸ் பண்ணினா பழசு கையோட வந்துடும். எதுக்கும் பலகை ஓட்டையை டேப் வச்சு அளந்துட்டு கடைக்குப் போங்க. தோல் பெல்ட் பழசா இருந்தா அதையும் மாத்திடுங்க, நீளமா இருந்தா கொஞ்சம் வெட்டி கம்பி கொக்கி போட்டுக்கலாம்.

உள்ளயே மோட்டார் வச்ச வெள்ளை கலர் ஜிக்ஜாக் மெஷின் வாங்குறதா இருந்தா இது ஒத்துவராது, அது மேஜை மேல வச்சு தைக்கிறது, சக்கரத்துல பெல்ட் ஓடுற பள்ளமும் இருக்காது. பவர் மெஷின் (கார்மென்ட்ஸ் கம்பெனிகள்ல ஓடுறது) ஹெட்டும் இந்த ஓட்டைல அடங்காது. பலகை செல்லரிச்சுப் போயிருந்தா பலகை மட்டும் தனியா வாங்கிக்கோங்க.