எந்த குவாட்டர்பேக்கை எடுப்பது? வாதாடும் முன் இதைப் பாருங்கள்

என்.எஃப்.எல் டிராஃப்டில், அதாவது அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எந்த குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) எடுக்கலாம் என்று நண்பர்களோடு வாதாடப் போகிறீர்கள் என்றால், ஹைலைட் வீடியோக்களை விட்டுவிட்டு அவருடைய முழு ஆட்டம் ஒன்றைப் பாருங்கள், அதிலும் மூன்றாவது டவுனில் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) அவரைக் காக்கும் தடுப்பு உடைந்து எதிரணி மேலே பாயும்போது அவர் கண் இன்னும் பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவரைத் தேடுகிறதா என்று பாருங்கள். எனக்கு அதுதான் கை பலத்தைவிடப் பெரிது.

அப்புறம், தேர்வு வரிசையை மட்டும் நம்பாதீர்கள். 2017இல் சிகாகோ அணி 2வது இடத்துக்கு முன்னேறி குவாட்டர்பேக் மிட்செல் ட்ருபிஸ்கியை எடுத்தது. பின்னாளில் பட்டங்கள் வென்ற பேட்ரிக் மஹோம்ஸ் போனது 10வதாக. அவரைப் போலவே பட்டங்கள் வென்ற டாம் பிரேடி 2000இல் 199வது!

சரி, ஆளை முடிவு செய்தாச்சா? உங்கள் அணியின் தடுப்பு வரிசை ஓட்டையாக இருந்தால், மூத்த குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் மாற்று வீரராக மஹோம்ஸ் முதல் சீசனில் உட்கார்ந்து கற்றதுபோல, புதியவருக்கும் அவகாசம் கேளுங்கள்.