அறிவியல் புனைவு வியூக விளையாட்டுக்குப் படைப்பிரிவு விதிகளை வகுப்பது எப்படி?

ஒரு படைப்பிரிவுக்கு எண்களைத் தருவதற்கு முன், களத்தில் அது எதற்காக இருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். "எதிரியின் கவச வண்டிகளைத் தொலைவிலிருந்து முடக்கும், நெருங்கிவிட்டால் தாக்குப்பிடிக்காது" என்று எழுத முடிந்தால், வீச்சு, வேகம், கவசம் ஆகியவை பெரும்பாலும் அதிலிருந்தே பிறந்துவிடும்.

அடுத்து, சராசரிச் சேதத்தைக் கணக்கிடுங்கள். ஆறு முகப் பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் கதிர் இலக்கில் படும், பிறகு மறுமுறை உருட்டும்போது 5 அல்லது 6 விழுந்தால் கவசம் அதைத் தடுக்கும் என்று விதித்தால், 6 முறை சுடும்போது சராசரியாக 2 சேதங்கள் விளையும்.

ஒரு பிரிவைப் படையில் சேர்க்க ஆட்டக்காரர் செலவிட வேண்டிய விலையை நிர்ணயிப்பதற்குத்தான் மிகுந்த கவனம் தேவை. பிரிட்டிஷ் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் 1916-இல் விளக்கிய இருபடி விதியின்படி, எவரும் எவரையும் தொலைவிலிருந்து சுடக்கூடிய போரில், படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் இருபடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப உயர்கிறது. தனி வீரனின் தரமோ தாக்குதிறனையும் தாங்குதிறனையும் பெருக்கினால் கிடைப்பது; அதன் வர்க்கமூலமே அவன் எத்தனை வீரர்களுக்கு ஈடு என்பதைச் சொல்லும். ஆகவே, தாக்குதிறன், தாங்குதிறன் இரண்டும் இருமடங்கான இயந்திர வீரன் 2 சாதாரண வீரர்களுக்கு ஈடாவான். தாக்குதிறன் மட்டும் இருமடங்கானால், ஏறத்தாழ 1.4 வீரர்களுக்கே ஈடாவான் என்பதால், அவனுக்கு இருமடங்கு விலை வைப்பது ஆட்டக்காரருக்கு இழைக்கும் அநீதி. விண்கலத்தின் குறுகிய நடைவழியில் ஒருவரை ஒருவரே எதிர்கொள்ள முடியும் என்பதால், அங்கே இக்கணக்கு மாறி, தரமே மேலோங்கும்.

சிறப்புத் திறன் ஒரு பிரிவுக்கு ஒன்று போதும். மறைவுத் திரையைக் கொடுத்தால், அதைக் கண்டறியும் உணரியை எதிர்த்தரப்பின் ஏதேனும் ஒரு மலிவான பிரிவுக்கும் கொடுத்துவிடுங்கள்.