ஓசூரிலிருந்து ஜெர்மனிக்கு: பிள்ளைக்குக் காப்பக இடம் பிடிப்பது

பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ என்றால் பால்வாடி டீச்சரிடம் பேசிப் பிள்ளையைச் சேர்த்துவிடலாம். ஓசூர் ஆலை வேலையை விட்டு ஸ்டுட்கார்ட், மியூனிக் பக்கம் போகிறவர்கள் அதே நினைப்போடு விமானம் ஏறிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஜெர்மனியில் குழந்தைகள் காப்பகத்துக்குக் ‘கீட்டா’ என்று பெயர். ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குக் காப்பக இடம் கேட்கும் சட்ட உரிமை 2013 ஆகஸ்ட் 1 முதல் அங்கே உண்டு. ஆனால் இடம்தான் இல்லை. 2023இல் பெர்டெல்ஸ்மான் அறக்கட்டளை போட்ட கணக்குப்படி, நாடு முழுக்கச் சுமார் 4,30,000 இடங்கள் பற்றாக்குறை. பயிற்சி பெற்ற ஆசிரியைகள் கிடைக்காதது இதற்குப் பெரிய காரணம். மூன்று வயதுக்குக் கீழே, சில பிள்ளைகளுக்கே ஒரு ஆள் வேண்டும் என்பதால் நெருக்கடி இன்னும் கூடுதல்.

கீட்டா ஆண்டு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கும். அதற்கான இடங்களைப் பெரும்பாலும் அந்த ஆண்டின் முதல் சில மாதங்களிலேயே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் வந்து இறங்குபவருக்கு யாராவது ஊர் மாறி விட்டுப்போன இடம்தான். ஆகவே வீட்டு முகவரியைப் பதிவு செய்த கையோடு நகராட்சியின் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். நான்கைந்து கீட்டாக்களுக்கு நேரிலும் போய் முகம் காட்டுங்கள்.

பலரும் கோட்டை விடுவது இதற்கு அடுத்த படியில். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருப்பதும் சட்டப்படி இடம் கேட்பதும் வேறு வேறு. ‘யூகண்ட்அம்ட்’ என்னும் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு நீங்கள் தனியாக எழுத்தில் கேட்டால்தான் உரிமைக் கணக்கு ஓடத் தொடங்கும். பிள்ளையின் பிறந்த தேதி, எந்தத் தேதியிலிருந்து இடம் தேவை, நாளுக்கு எத்தனை மணி நேரம், இருவரின் வேலை நேரம், கைவிரித்த கீட்டாக்களின் பெயர்கள் எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஆறு மாதம் முன்னதாகவே சொல்ல வேண்டும். அதனால் வந்த வாரமே எழுதுவது நல்லது. கேட்டும் இடம் தராமல், தவறு நகராட்சி மேல் என்றானால், இழந்த சம்பளத்தை நஷ்ட ஈடாகக் கேட்கலாம் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2016 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது. அப்போது கையில் இருக்க வேண்டியது தேதியோடு கூடிய இந்தக் கடித நகல்.

அலுவலகம் கீட்டாவுக்குப் பதில் ‘டாகெஸ்முட்டர்’ ஒருவரைக் காட்டினால் தயங்காதீர்கள். உரிமம் பெற்று, பெரும்பாலும் தன் வீட்டிலேயே, ஒரே நேரத்தில் அதிகபட்சம் ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். மொழி தெரியாத சின்னப் பிள்ளைக்கு அந்தச் சிறு வீடே பல நேரம் நல்லது.

ஊரிலேயே முடித்துவிட வேண்டியது தட்டம்மை ஊசி. 2020 மார்ச் முதல், ஒரு வயதான பிள்ளைக்கு ஒரு தவணையும் இரண்டு வயதானால் இரண்டு தவணையும் போட்ட சான்று இல்லாமல் கீட்டாவில் சேர்க்க மாட்டார்கள். நம் அட்டவணையில் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள் வரும். பயண அவசரத்தில் விட்டுப்போவது அதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு தவணைக்கும் தேதியும் முத்திரையும் தெளிவாக வாங்கிக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் உள்ள குழந்தை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஏற்றுவார்.

இடம் கிடைத்தாலும் மறுநாளே வேலைக்குப் போக முடியாது. பழக்கும் காலம் ஒன்று உண்டு. முதல் மூன்று நாள் அப்பாவோ அம்மாவோ கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். நான்காம் நாள்தான் சில நிமிடம் வெளியே அனுப்பிப் பார்ப்பார்கள். முழுதாகப் பழக இரண்டு வாரத்திலிருந்து ஒன்றரை மாதம்கூட ஆகலாம். இதற்கான விடுப்பை மேலாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அரூரிலிருந்து பாட்டியை வரவழைப்பதாக இருந்தால் நாளை எண்ணிச் செலவழியுங்கள். பார்வையாளர் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். வந்த புதிதில், பிள்ளையின் அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும்போதே பலர் அந்த நாட்களைத் தீர்த்துவிடுகிறார்கள். வேலை தொடங்கும் தேதிக்கும் கீட்டா தொடங்கும் தேதிக்கும் நடுவில் விழும் இடைவெளிக்கு அவர் வரும்படி விசாவுக்கு எழுதுங்கள்.