கழகத்தின் பழைய மைதானம் எங்கே இருந்தது? பெல்ஜியத்தில் தேடும் வழி

மகன் ஆடுகிற உதைபந்தாட்டக் கழகத்தின் கன்டீன் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. பதினொரு பேர், பின்னால் வரிசையாகப் பொப்லர் மரங்கள், இடது ஓரத்தில் தேவாலயக் கோபுரம். இன்றைய மைதானத்தில் எந்த மூலையில் நின்றாலும் கோபுரம் அப்படித் தெரியாது. அவர்கள் நின்றது வேறு நிலம். கழகத்தின் ஆண்டு மலரில் தலைவர்கள், வெற்றிகள் எல்லாம் இருந்தன, நிலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது மனதைச் சுட்டது. இரண்டு குளிர்காலம் தேடினேன்.

முதலில் பதிவிலக்கத்தைப் பிடியுங்கள். 1926 கடைசியில் பெல்ஜிய உதைபந்தாட்டச் சங்கம் ஒவ்வொரு கழகத்துக்கும் இதைக் கொடுக்கத் தொடங்கியது. டச்சு பேசும் பிளெமிஷ்காரர் ‘ஸ்தாம்நும்மர்’ என்பார்கள். முதலாம் இலக்கம் ரோயல் அன்ட்வேர்ப்புக்கு. பெயர் மாறினாலும் இலக்கம் தொடரும். இரண்டு கழகங்கள் இணைந்தால் வழக்கமாக ஒன்றின் இலக்கம்தான் தங்கும். மற்றதையும் குறித்துவையுங்கள், நீங்கள் தேடும் மைதானம் அந்தக் கழகத்துடையதாக இருக்கலாம்.

அடுத்தது வான்படம், அதாவது விமானத்திலிருந்து நிலத்தைப் பிடித்த படம். பொறுமை வேண்டியது இங்கேதான். பெல்ஜியத்தின் மூன்று பிரதேசங்களில் பிளான்டர்ஸுக்கு ஜியோபுன்ட், வலோனியாவுக்கு வால்ஒன்மாப், பிரசெல்ஸுக்கு புருசியெல். மூன்றும் இணைய வரைபடத் தளங்கள், இலவசமாகப் பார்க்கலாம். முதல் இரண்டிலும் 1971ஆம் ஆண்டுப் படம் உண்டு, புருசியெல் 1930கள் வரை போகும். கோல் கம்பம் அவற்றில் தெரியாது. புல் தேய்ந்த தடத்தைப் பாருங்கள். நீள்சதுரத்தின் இரு முனையிலும் வெளிறிய திட்டு, நடுவில் இன்னொன்று. மாடு மேய்ந்த நிலமென்றால் படலையடியிலும் தண்ணீர்த் தொட்டியடியிலும்தான் மண் தெரியும். நான் இரவு பதினொரு மணிக்கு அந்த மூன்று திட்டுகளைக் கண்டேன். பக்கத்திலேயே பொப்லர் வரிசையின் நிழல், கோடு கோடாக. இன்று அந்த இடத்தில் வீடுகள்.

பிறகு, நிலம் யாருடையது? கமக்காரரின் மேய்ச்சல் நிலம், தேவாலயச் சொத்துச் சபையின் நிலம், ஏழைகளுக்கு உதவும் பொது அமைப்பின் நிலம் என்று இரவல் நிலத்தில் ஆடிய கழகங்கள் பல. அந்த உதவி அமைப்புக்கு இன்று ஓசேஎம்வே என்று பெயர். 1925 முதல் 1976 வரை சேஓஓ. பழைய கோப்புகளைப் பழைய பெயரில்தான் கேட்க வேண்டும். இன்னொன்று: 1977 ஜனவரி 1இல் நகரசபைகளை இணைத்து 2,359ஐ 596 ஆக்கினார்கள். உங்கள் கிராமத்தின் கூட்டக் குறிப்புகள் பக்கத்து ஊர்ச் சுவடிக்கூடத்தில் இருக்கக்கூடும். இது தெரியாமல் நான் இரண்டு பின்னேரங்களைத் தொலைத்தேன்.

கடைசியாக ஆட்களிடம் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் வான்படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கன்டீன் மேசையில் விரியுங்கள். வெறுங்கையோடு போய்க் கேட்டால் “அது பழைய கதை” என்பார்கள். படத்தைக் கண்டால் விரல் தானாக வரும். ஒரு முதியவர் மைதான ஓரத்து வாய்க்காலைத் தொட்டு, பந்து விழுந்தால் நீளத் தடியால் எடுத்ததைச் சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மா, ஆட்டக்காரர் உடுப்பு மாற்றியது தன் தாயின் கஃபேயில் என்றார். துத்தநாகத் தொட்டியில் சுடுதண்ணீர் ஊற்றி வைப்பாராம், முதலில் வருகிறவனுக்குத்தான் சுத்தமான தண்ணீர்.

சொன்னதை அன்றிரவே எழுதிவிடுங்கள். சுவர்ப் படத்துக்கு ஒரு பிரதி எடுத்து, அதன் பின்பக்கம் பென்சிலால் காணி இலக்கம், ஆடிய ஆண்டுகள், கோபுரம் இருக்கும் திசை ஆகியவற்றைக் குறித்துக் கழகச் செயலாளரிடம் கொடுங்கள்.