போர்ஷே 928-க்கு வேறு சக்கரங்கள்: முதலில் உள்பக்கத்து எண்ணைப் படியுங்கள்

போர்ஷே 928 முதன்முதலாக 1977-இல் ஜெனீவா கண்காட்சியில் காட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. 1995 வரை உற்பத்தியில் இருந்தது. முன்னால் வி8 இன்ஜின், பின் அச்சோடு சேர்ந்த கியர்பாக்ஸ், ஒரே நாளில் ஒரு நாட்டின் எல்லையிலிருந்து மறு எல்லைக்குக் களைப்பில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்ற நோக்கம், இவைதான் அந்தக் காரின் அடையாளம். இதற்கு வேறு சக்கரம் தேடுபவர்களில் சிலர் தோற்றத்துக்காகத் தேடுகிறார்கள். பலரோ 16 அங்குல அளவில், குறிப்பாகப் பின்சக்கரத்துக்குரிய 245/45 அளவில் (டயரின் அகலம் 245 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு), நல்ல டயர் கிடைப்பது அரிதாகிவிட்டதால் தேடுகிறார்கள். காரணம் எதுவானாலும், தேர்வு தொடங்க வேண்டிய இடம் ஒன்றுதான்.

சக்கரத்தின் முகத்தைப் பார்த்து விலை பேசுபவர்களே அதிகம். 928-ஐப் பொறுத்தவரை சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டு, ஆரக்கால்களின் பின்புறத்திலோ நடுத்துளையின் அருகிலோ வார்ப்பில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படித்த பிறகே மற்றதைப் பேச வேண்டும். தொடக்ககால 928-இன் ‘டெலிபோன் டயல்’ சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தால் 7 அங்குல அகலம், 16 அங்குல விட்டம் ஆகியவற்றோடு ‘ஈ.டி. 65’ என்ற குறிப்பு தெரியும். ஹப்பில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் அச்சுமுனையில், பொருந்தும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 65 மி.மீ. வெளிப்புறமாக இருக்கிறது என்பது அதன் பொருள். இந்தத் தூரத்தைத்தான் ஆஃப்செட் என்கிறோம். 65 என்பது அக்காலத்துக் கார்களில் மிக அதிகமான எண். அது தற்செயலாக அமைந்ததன்று.

முன்சக்கரத்தின் மேல், கீழ்ப் பந்துமூட்டுகள் வழியாக ஒரு கோட்டைத் தரைவரை நீட்டிப் பாருங்கள். பல பழைய கார்களில் அந்தக் கோடு டயரின் நடுக்கோட்டுக்கு உட்புறமாகத் தரையைத் தொடும். 928-இல் அது வெளிப்புறமாகத் தொடுகிறது. இடப்பக்க டயர் காய்ந்த சாலையிலும் வலப்பக்க டயர் ஈரத்திலும் இருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் கார் இடப்பக்கம் இழுபடும்; ஆனால் இந்த அமைப்பில் அதே பிரேக் விசை இடச்சக்கரத்தைச் சற்றே வலப்பக்கம் திருப்பி அந்த இழுப்பை ஈடுகட்டிவிடும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆஃப்செட்டைக் குறைக்கக் குறைக்க டயரின் நடுக்கோடு வெளியே நகர்ந்து, இந்த ஈடுகட்டும் குணம் தேய்ந்து, ஒரு கட்டத்தில் எதிர்மறையாகவே மாறிவிடும். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே ஸ்பேசர் என்ற தட்டைப் போட்டாலும் விளைவு இதேதான். சாலையின் ஒவ்வொரு தடமும் கைக்குத் தெரிகிற, பிரேக் பிடித்தால் ஒருபக்கம் இழுக்கிற 928-ஐ ஓட்டிப் பார்த்தவர்கள், கார் பழசாகிவிட்டது என்று சொல்வதுண்டு. அப்படிச் சொல்லும் முன் அதில் மாட்டியிருக்கும் சக்கரத்தின் ஆஃப்செட்டைப் பார்த்துவிட வேண்டும்.

பலர் விழும் குழி, போர்ஷேயின் இன்னொரு காரான 911-இன் சக்கரங்கள். 928, 911 இரண்டிலும் ஐந்து ஸ்டட் (நட்டு ஏறும் ஆணி), அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 130 மி.மீ., நடுத்துளையும் அதே 71.6 மி.மீ. மைனெர்ட்ஸ்ஹாகன் நகரத்து ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் அடித்து உருவாக்கிய அந்த ஐந்திதழ்ச் சக்கரம் அழகில் குறைவில்லாதது. அதைக் 928-இல் மாட்டினால் மாட்டிக்கொள்ளும் என்பதுதான் சிக்கலே. 7 அங்குல அகலமுள்ள 911 சக்கரத்தின் ஆஃப்செட் 23. எண்களை வைத்தே பார்த்துவிடலாம். 7 அங்குலம் என்பது 177.8 மி.மீ.; அதில் பாதி 88.9. இதிலிருந்து 65-ஐக் கழித்தால், 928-இன் சொந்தச் சக்கரம் ஹப் முகத்திலிருந்து ஏறத்தாழ 24 மி.மீ. மட்டுமே வெளியே நீள்கிறது. 23-ஐக் கழித்தால் 66 மி.மீ. ஆக, 42 மி.மீ. கூடுதலாக வெளியே தள்ளுகிறது. ஃபெண்டரின் விளிம்பையும் தாண்டிவிடுகிறது. 1986 வரையிலான போர்ஷே 944-இன் சக்கரங்களுக்கும் இதே கதைதான்.

இந்தக் கணக்கை எந்தச் சக்கரத்துக்கும் போடலாம். போட்டே ஆக வேண்டும். அகலத்தில் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் உட்புற நீட்சி, கழித்தால் வெளிப்புற நீட்சி. எடுத்துக்காட்டாக, 993 தலைமுறை 911-இன் 18 அங்குல முன்சக்கரம் 8 அங்குல அகலமும் 52 ஆஃப்செட்டும் கொண்டது. பாதி அகலம் 101.6, கூட்டினால் 153.6. சொந்தச் சக்கரத்தின் உட்புற நீட்சி 153.9. ஆக, உட்பக்கம் சஸ்பென்ஷனுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி தொழிற்சாலையில் வந்ததுபோலவே இருக்கிறது; கூடுதல் அகலம் முழுவதும், ஏறத்தாழ 26 மி.மீ., வெளிப்பக்கம் போகிறது. நடுக்கோடு 13 மி.மீ. நகர்கிறது. 928 வைத்திருப்போர் பலர் இந்தச் சக்கரத்தை முன்னாலும், 10 அங்குல அகலமும் 65 ஆஃப்செட்டும் கொண்ட அதன் இணையைப் பின்னாலும் பயன்படுத்துகிறார்கள். வெளிச்சந்தையில் வாங்கும் எந்தச் சக்கரத்தையும் இந்த எண்களுக்கு அருகில் வைத்து ஒப்பிடுங்கள். முன்னால் ஆஃப்செட் 50-க்குக் கீழே இறங்குகிற எதையும் நான் இந்தக் காரில் மாட்ட மாட்டேன்.

விட்டத்தில் என் தேர்வு 17 அங்குலம். கடைசியாக வந்த ஜி.டி.எஸ். மாடலுக்குத் தொழிற்சாலையே 17 அங்குலச் சக்கரத்தையும், முன்னால் 225/45, பின்னால் 255/40 டயரையும் கொடுத்தது. 16 அங்குலச் சக்கரத்தில் 225/50 டயரின் பக்கச்சுவர் 112 மி.மீ. உயரம், 18-இல் 225/40 என்றால் 90 மி.மீ. தான். அந்த 22 மி.மீ. ரப்பர்தான் சாலையின் குழிகளை உடம்புக்கு வராமல் தாங்கியது. நெடும்பயணத்துக்காகவே பிறந்த காருக்கு 18-ஐ எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. 19-உம் அதற்கு மேலும் படத்தில் நன்றாக இருக்கும்.

டயரின் முழு விட்டத்தையும் கணக்கிட வேண்டும். 928-இன் எஸ்4 மாடலின் சொந்த அளவுகளில் முன் டயர் 631 மி.மீ., பின் டயர் 627 மி.மீ. ஜி.டி.எஸ். அளவுகளில் 634, 636. 18 அங்குலத்தில் 225/40, 265/35 என்று எடுத்தால் 637, 643. எல்லாவற்றிலும் முன்பின் வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்குள்ளேயே நிற்கிறது, நிற்கவும் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள கார்கள் சக்கரங்களின் சுழல்வேகத்தை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கின்றன. 1990 மாடலிலிருந்து பின்சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியலின் பூட்டையும் மின்னணு முறையில் அதே உணரிகளின் துணையோடு கட்டுப்படுத்தினார்கள். பின்னால் தடித்த டயர் அழகு என்று 18 அங்குலத்தில் 275/40 போட்டால் விட்டம் 677 ஆகிவிடும். பின்சக்கரம் எப்போதும் முன்சக்கரத்தைவிட ஆறு விழுக்காடு மெதுவாகச் சுழல்வதாக அந்த மின்னணுப் பெட்டி காணும்.

நடுத்துளை 71.6-ஐவிடப் பெரிதாக இருந்தால் அளவான வளையம் போட்டு ஹப்பின் மையத்தில் உட்கார வைக்கலாம். மெர்சிடிஸ் ஜி கிளாஸுக்கும் 130 மி.மீ. வட்டம்தான், ஆனால் நடுத்துளை 84.1, அப்படிப்பட்ட சக்கரம் வளையமில்லாமல் மாட்டினால் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். துளை சிறிதாக இருந்தால் வாங்க வேண்டாம்.

நட்டு விஷயத்தில் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. போர்ஷேயின் நட்டு, சக்கரத்தைத் தொடும் இடத்தில் பந்துபோல உருண்டிருக்கும். வெளிச்சந்தைச் சக்கரங்கள் பலவற்றில் அந்த இருக்கை 60 பாகைக் கூம்பாக இருக்கும். உருண்டை நட்டைக் கூம்புக்குழியில் முடுக்கினால் கைக்கு இறுகியதுபோலவே தெரியும். உண்மையில் மெல்லிய ஒரு வளையக்கோட்டில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும், ஓட ஓடத் தளரும். நட்டின் முனையில் மார்க்கர் மையைப் பூசி, கையால் முடுக்கி, கழற்றிப் பாருங்கள். குழியில் மை அகலப் பட்டையாகப் படிந்திருந்தால் பொருத்தம் சரி. முடியளவு கோடாக இருந்தால் நட்டு தவறு. ஸ்டட்டின் மரை 14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச். ஸ்டட்டின் விட்டத்தளவு ஆழமாவது நட்டு ஏற வேண்டும் என்பதால், கையால் சுற்றும்போது குறைந்தது பத்துச் சுற்று எண்ண வேண்டும். ஸ்பேசர் போட்டவர்கள் இதை எண்ணாமல் விட்டால் நீளமான ஸ்டட் மாற்ற வேண்டியதே தெரியாமல் போய்விடும். முடுக்கு விசை 130 நியூட்டன் மீட்டர்; டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலை வேண்டாம்.

பழைய சக்கரம் வாங்குவதென்றால் பகல் வெளிச்சத்தில் உட்புறப் பீப்பாயைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஒருமுறை நான் வாங்கப்போன மூன்று துண்டுச் சக்கரத்தின் முகம் கண்ணாடிபோல மின்னியது. உள்விளிம்பிலோ பெயின்ட்டின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு மேடு, அதன் இரு முனையிலும் மயிரிழைபோன்ற கோடு. வெடித்த இடத்தை வெல்டிங் செய்து மறைத்திருந்தார்கள். விரல் நுனியால் வட்டம் முழுவதும் தடவியிராவிட்டால் தெரிந்திருக்காது. மற்றபடி, மூன்று துண்டுச் சக்கரங்களை நான் விரும்பியே பரிந்துரைப்பேன்: பி.பி.எஸ். போன்ற நிறுவனங்களின் அவ்வகைச் சக்கரத்தில் வெளி, உள் விளிம்புகளை வேறு அகலத்தில் மாற்றி, நமக்கு வேண்டிய ஆஃப்செட்டைக் கட்டிக்கொள்ளலாம்.

சக்கரத்தில் பொறித்திருக்கும் தாங்குசுமை, காரின் தகட்டிலுள்ள அச்சுச் சுமையின் பாதிக்குக் குறையக் கூடாது; எஸ்4 சுமார் 1,600 கிலோ எடையும் மணிக்கு 270 கி.மீ. வேகமும் உள்ள கார். ஜெர்மனியில் பதிவான காரென்றால் சக்கரத்துக்கு ஏற்புச் சான்றிதழ் வேண்டும்; 30 ஆண்டு கடந்த கார்களுக்கான ‘எச்’ எண்பலகை வைத்திருப்பவர்கள், அக்காலத்துக்குப் பொருந்தாத சக்கரம் அந்தத் தகுதியையே கெடுக்கலாம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். எடையை வீட்டுத் தராசிலேயே பார்த்துவிடலாம்: சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். பழையதைவிடக் கனமாக இருந்தால் வேறு தேடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒரு முன்சக்கரத்தையும் ஒரு பின்சக்கரத்தையும் டயரோடு மாட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பிரேக் காலிப்பருக்கும் ஆரக்காலுக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். இங்கே 928-க்கே உரிய ஒன்று: ஜாக்கில் தூக்கி இறக்கிய பின் இந்தக் காரின் முன்புறம் உடனே பழைய உயரத்துக்கு வராது, சில கிலோமீட்டர் ஓடிய பிறகே அமரும். இறக்கிய நிலையிலேயே ஃபெண்டருக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை அளந்து திருப்திப்படுபவர்கள், முதல் வேகத்தடையில் உரசும் சத்தத்தைக் கேட்பார்கள். மெதுவாக ஓட்டி வந்து, பிறகு ஸ்டீயரிங்கை இருபக்கமும் கடைசிவரை திருப்பி, உள்பக்க பிளாஸ்டிக்கில் புதிய தேய்மானம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மாட்டிய பின் 80 முதல் 100 கி.மீ. ஓட்டி, சக்கரம் ஆறியதும் நட்டுகளை மீண்டும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். பின்பெட்டியில் இருக்கும் மடங்குடயர் ஸ்டெப்னிக்குப் பழைய உருண்டை நட்டுகள்தான் பொருந்தும். ஆகவே கூம்பு நட்டுக்கு மாறியவர்கள் பழையவற்றில் ஐந்தைத் துணியில் சுற்றி ஜாக்கோடு வைத்துவிடுங்கள்.